இடமும் சரி, வலமும் சரி

ஐதராபாத்
8-12-1983

அன்புள்ள ஐரின்,

உறைக்குள் அம்மாவுக்கு எழுதியது தனியாக மடித்து இருக்கிறது. அதை முதலில் எடுத்து வைத்துவிடு. பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்து இதைப் படி. நின்றுகொண்டு படிக்காதே.

நம் கட்டுரையில் ஓட்டை இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை இங்கே செமினாரில் அதைப் பற்றிப் பேசினேன். நாலாம் துணைத்தேற்றம் வரை நன்றாகப் போனது. "ஆகவே பெருக்கல் தொடர்ச்சியானது என்பது தெளிவு" என்று நாம் எழுதியிருக்கிறோமே, அந்த வரியைக் கரும்பலகையில் எழுதும்போது கை நின்றுவிட்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை. நானேதான் கேட்டுக்கொண்டேன். ஏன் தெளிவு? பதில் தெரியவில்லை. மீதியை அடுத்த வாரம் சொல்கிறேன் என்று கையிலிருந்த சாக்பீஸ் பொடியைத் தட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

போன கோடையில் வேலையைப் பிரித்துக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? குரூப்பில் இரண்டு உறுப்புகளைப் பெருக்குகிறோம். வலது உறுப்பை அசையாமல் வைத்து, இடது உறுப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் விடையும் கொஞ்சம்தான் நகரும் என்பது என் பங்கு. இடதை நிறுத்தி வலதை நகர்த்துவது உன் பங்கு. உன் பக்கத்தை நான் சரிபார்த்தேன், என் பக்கத்தை நீ சரிபார்த்தாய். இடமும் சரி, வலமும் சரி. ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் நகர்ந்தால்? விடை எங்காவது எகிறிக் குதிக்காது என்று எங்கே காட்டியிருக்கிறோம்? அது உன் பங்கில் வருகிறது என்று நான் நினைத்தேன். என் பங்கில் வருகிறது என்று நீ நினைத்திருப்பாய். மொத்தக் கட்டுரையும் அந்த வரியின் மேல்தான் நிற்கிறது.

நேற்றே சென்னைக்கு, பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். அச்சை நிறுத்தச் சொல்லி. உன் விடுப்பு விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தப்பென்று தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை.

உன்
கனகா


திண்டுக்கல்
15-12-1983

அன்புள்ள கனகா,

நின்றுகொண்டுதான் படித்தேன். இரண்டு வகுப்புக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் உட்கார எங்கே இடம்? படித்த கையோடு பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்குப் போய்க் குலத்தின் நாலு விதிகளை நடத்தினேன். (ஆமாம் தாயே, உனக்குக் குரூப், என் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் குலம்.) என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

ஓட்டை கண்டுபிடித்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. அது இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஏழாம் தேதி ஆசிரியருக்கு எழுதியிருக்கிறாய். எட்டாம் தேதி எனக்கு எழுதுகிறாய். அந்த ஒரு நாள்தான் என் கோபம். மூன்று வருடம் தபாலிலேயே சேர்ந்து செய்த வேலை. மேலே இரண்டு பேர் பெயர் இருக்கிறது. அதில் ஒரு பெயர்க்காரியை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா உனக்கு?

உனக்கு அங்கே கட்டுரை ஒன்று போனால் இன்னொன்று வரும். எனக்கு இது ஒன்றுதான். இந்த வருடம் எங்கள் கல்லூரியில் ஒரே ஒருவருக்கு ஆராய்ச்சி விடுப்பு. மூன்று வருடம், சம்பளத்தோடு. எனக்கா, தாவரவியல் லூர்தம்மாளுக்கா என்று பிப்ரவரி கடைசியில் முடிவு செய்கிறார்கள். அச்சுக்கு ஏற்கப்பட்ட கட்டுரை என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விடுப்பு கிடைத்தால் ஜூலையில் ஐதராபாத், உன் பக்கத்து மேஜை. நீதானே மூன்று வருடமாக ஆசை காட்டிக்கொண்டிருந்தாய்?

சார்லஸ் வேறு, நான் ஊருக்குப் போகப் போகிறேன் என்று ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். எரியோடு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிற மனுஷன், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் புளியைக் கரைக்கிறார். அவரிடம் என்ன சொல்ல?

உன் அம்மாவுக்கு எழுதியதைச் சனிக்கிழமை சின்னாளபட்டிக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறேன். அதில் குறை வைக்கமாட்டேன்.

ஐரின்


ஐதராபாத்
29-12-1983

அன்புள்ள ஐரின்,

நீ திட்டியதெல்லாம் சரி. ஒன்றைத் தவிர. உன்னைக் கேட்கத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. கேட்டிருந்தால் "பிப்ரவரி வரைக்கும் பொறு" என்று நீ சொல்லியிருப்பாய். நானும் பொறுத்திருப்பேன். உனக்காக நான் எதையும் தள்ளிப்போடுவேன் என்பது எனக்கே தெரியும். அதனால்தான் முந்திக்கொண்டேன். மேலும் அங்கே உனக்கு நூலகமும் இல்லை, ஓய்வும் இல்லை. இந்த மாதிரி விஷயத்தை உட்கார்ந்து ஆராய்ந்து பார்க்க உன்னால் ஆகாது என்று நினைத்தேன்.

ஆனால் நான் முந்தியும் ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியர் பதில் போட்டிருக்கிறார். இரண்டு பேர் எழுதிய கட்டுரையை ஒருவர் சொல்லி நிறுத்த முடியாதாம். மற்றவரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். மார்ச் பத்துக்குள் வராவிட்டால் கட்டுரை ஏப்ரல் இதழில் வந்துவிடும். உனக்கும் தனியாக எழுதுகிறாராம்.

ஆகமொத்தம் இப்போது எல்லாம் உன் கையில். நீ சும்மா இருந்தாலே போதும், கட்டுரை வந்துவிடும், விடுப்பும் கிடைத்துவிடும். கையெழுத்துப் போடு என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது கேட்க வாய் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பாமல் விட்டது இதுதான் முதல் தடவை. மன்னித்துக்கொள். சார்லஸ் அண்ணனுக்கும் சொல்.

கனகா


திண்டுக்கல்
20-1-1984

கனகா,

ஆசிரியரின் கடிதம் வந்தது. மேஜையில் இருக்கிறது.

எனக்கு நூலகம் இல்லை, ஓய்வு இல்லை, ஆராய்ந்து பார்க்க ஆகாது. நல்லது. ஆகாதவள் ஒரு காரியம் செய்யப் போகிறேன். அந்தத் துணைத்தேற்றத்தை நிரூபிக்கப் போகிறேன். ஓட்டைதானே? அடைத்துவிட்டால் போயிற்று. அடைத்து, அந்தக் காகிதத்தை உனக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் கட்டுரை அச்சாகட்டும். அதுவரை எனக்கு எழுதாதே.

பொங்கலுக்கு மறுநாள் சின்னாளபட்டி போனேன். உன் கடிதத்தை வாசித்தேன். வாசித்து முடித்ததும் உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா ஐரினு, அவ ஒன்னைய என்னமும் சொல்லிப்புட்டாளா? எப்பவும் அவ எழுதுனதுக்கு மேல நீயா நாலு சேத்து வாசிப்ப. இன்னிக்கி அம்புட்டுதானான்னு இருக்கு" என்றார். தொண்டை கரகரப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அப்பாவுக்கு இருமல் தேவலை.

ஐரின்


ஐதராபாத்
2-2-1984

அன்புள்ள ஐரின்,

எழுதாதே என்றாய். அம்மாவுக்கு எழுதியதை உன் வழியாகத்தானே அனுப்பியாக வேண்டும்? அதற்குத் துணையாக இந்தச் சீட்டு.

"ஆகாது" என்று எழுதியது என் திமிர். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருந்தால் எடுத்துக்கொள்வேன்.

நானும் அடைக்கப் பார்க்கிறேன். இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தால் சரியாகிவிடுகிறது. ஆனால் அப்படிச் சேர்த்தால் நம் தேற்றமே மற்றவர்கள் எப்போதோ நிரூபித்ததாக ஆகிவிடுகிறது. நிபந்தனை இல்லாமல் எனக்கு வழி தெரியவில்லை. நீ அடைத்துவிட்டால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் இருக்க முடியாது. நிஜமாகத்தான் சொல்கிறேன். தினமும் அஞ்சல் பெட்டியைப் பார்க்கிறேன்.

கையெழுத்தைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதமாட்டேன்.

கனகா


திண்டுக்கல்
26-2-1984

அன்புள்ள கனகா,

உட்கார்ந்து படி. இந்தத் தடவை நான் சொல்கிறேன்.

ஒரு மாதம் முட்டிப் பார்த்தேன். காலையில் இட்லி வேகும் நேரம், மதியம் ஓய்வறை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு. ஞாயிறு பூசைக்கு நடுவிலும் என்று எழுதினால்தான் அது நிஜம், ஆண்டவர் மன்னிக்கட்டும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து நின்றேன். உன் மேல் இருந்த கோபத்தில்தான் விடாமல் செய்தேன் என்றால் நம்புவாயா? அன்பில் செய்திருந்தால் ஒரே வாரத்தில் விட்டிருப்பேன்.

போன வாரம் மாதிரித் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வருடா வருடம் நான் கேட்கும் அதே கேள்வி. x-ஐயும் y-ஐயும் பெருக்கி, அவற்றின் வர்க்கங்களின் கூடுதலால் வகு. மையத்தில் விடை சுழி என்று வைத்துக்கொள். மையத்தில் தொடர்ச்சி உண்டா? ஒரு பெண் எழுதியிருந்தாள்: "கிழக்கு மேற்காக வந்தால் சுழி. வடக்கு தெற்காக வந்தால் சுழி. ஆகவே தொடர்ச்சியானது என்பது தெளிவு." சிவப்பு மையில் அடித்துவிட்டு, "மூலைவிட்டமாக வந்து பார், அரை வரும்" என்று ஓரத்தில் எழுதி, பத்துக்கு இரண்டு போட்டேன். அடுத்த தாளை எடுத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் எழுதியது நம் நாலாம் துணைத்தேற்றமடி! கடைசி வார்த்தை வரைக்கும் அதேதான். ஆறு வருடமாக அதற்கு மார்க் குறைத்துக்கொண்டு, அதையே நாம் அச்சுக்கு அனுப்பியிருக்கிறோம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

உடனே தோன்றியது, மூலைவிட்டத்தில்தானே விஷயம் இருக்கிறது. மூலைவிட்டமே இல்லாத ஊர் ஒன்றைக் கட்டினால் என்ன?

தளத்தை எடுத்துக்கொள். பெருக்கலின் இடத்தில் இங்கே புள்ளிகளைக் கூட்டுகிறோம், வழக்கமான கூட்டல்தான், அதுதான் நம் குலம். அக்கம்பக்கம் என்பதை மட்டும் மாற்று. வழக்கமாக ஒரு புள்ளியின் அக்கம்பக்கம் என்றால் சுற்றிலும் ஒரு சின்ன வட்டம் வேண்டும். இங்கே வட்டம் வேண்டாம். ஒரு சின்னக் கூட்டல்குறி போதும். கிழக்கே கொஞ்சம், மேற்கே கொஞ்சம், வடக்கே கொஞ்சம், தெற்கே கொஞ்சம். ஒரு கணத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி ஒரு சின்னக் கூட்டல்குறி அந்தக் கணத்துக்குள்ளேயே அடங்கினால் அது திறந்த கணம்.

இதை முதலில் சார்லஸிடம்தான் சொல்லிப் பார்த்தேன். எங்கள் தெருமுனையில் நிறுத்தி வைத்துச் சொன்னேன். "பாருங்க, ஒரு உறுப்பை நிறுத்திட்டு இன்னொண்ண நகத்துனா, கூட்டல்குறி அப்படியே எடம் மாறுது. கெட்டுப்போகல. எடமும் சரி, வலமும் சரி. குறியைத் தலைகீழா மாத்துனாலும் அது கூட்டல்குறிதான். அதுவும் சரி. இப்ப முழுத் தளத்துலருந்து மூலைவிட்டத்த மட்டும் வழிச்சு எடுத்துருங்க, நடுப்புள்ளிய விட்டுட்டு. மிச்சம் இருக்கிறது திறந்த கணம்தான். நடுப்புள்ளியில நிக்கிற கூட்டல்குறி மூலைவிட்டத்தத் தொடாதுல்ல?"

"தொடாது. சரி, ரெண்டும் நகந்தா?"

"ஒண்ணு கிழக்க கொஞ்சம் போகுது. இன்னொண்ணு வடக்க அதே அளவு போகுது. ரெண்டையும் கூட்டுங்க."

அவர் தெருவில் நின்று கையை நீட்டிப் பார்த்தார். ஜெய்தூன் பீவி வீட்டு மூலையைக் காட்டினார். "அந்தா, அங்க வந்து நிக்குது. மூலையில. அதைத்தான் நீ வழிச்சு எடுத்துட்டியே?"

அவ்வளவுதான் கனகா. எவ்வளவு கொஞ்சமாக நகர்ந்தாலும் சரி, கூட்டினால் வெளியே போய் விழுகிறது. நாம் கேட்ட நிபந்தனை அத்தனையும் இந்தக் குலத்துக்கு உண்டு. கூட்டல் மட்டும் தொடர்ச்சியானது இல்லை. நீ ஓட்டை என்றாய். ஓட்டை இல்லை அது. துணைத்தேற்றமே தப்பு. யார் வந்தாலும் அடைக்க முடியாது. உன்னைத் தோற்கடிக்கப் போய், நீ சொன்னதைவிட அதிகமாக நீ சொன்னது சரி என்று நிரூபித்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டு ஆசிரியருக்கு அனுப்பினேன். மறுநாள் பிரின்சிபால் சிஸ்டர் அல்போன்சாவைப் பார்த்து, விண்ணப்பத்தில் உள்ள கட்டுரையை அடித்துவிடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கமிட்டி கூட இன்னும் ரெண்டு நாள்தானே இருக்கு, ஐரின்? அது முடிஞ்சு சொல்லியிருக்கலாமே?" என்றார். "சொல்லியிருக்கலாம் சிஸ்டர்" என்றேன். வெளியே வந்து, பிள்ளைகள் யாரும் இல்லாத வகுப்பாகப் பார்த்து உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

விடுப்பு லூர்தம்மாளுக்குப் போய்விட்டது. நல்ல பெண்தான். எனக்கு இனிப்பு கொடுக்கத் தயங்கித் தயங்கி வந்தாள். நானே டப்பாவில் கைவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஐதராபாத் இல்லை கனகா. அது எனக்கு ரொம்ப வருத்தம். மறைக்கமாட்டேன்.

உன்
ஐரின்

பி.கு: ரசம் இப்போது நன்றாக வருகிறது.


ஐதராபாத்
6-3-1984

என் ஐரின்,

படித்ததும் விடுதி மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாக நடந்தேன். பிறகு உட்கார்ந்து எதிர்ப்பக்கம் வாதாடிப் பார்த்தேன். எங்காவது உன் கூட்டல்குறி உடைகிறதா என்று. உடையவில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? ஒரு கோடு கூட அதிகம் இல்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

செமினாரில் நான் பாதியில் விட்டதை நேற்று முடித்தேன். "இதைக் கண்டுபிடித்தது திண்டுக்கல்லில் இருக்கும் என் தோழி" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். என் கைடு எழுந்து வந்து பலகையில் இருந்ததைத் தன் காகிதத்தில் எழுதிக்கொண்டார். வேறு யாராவது வேறு உருவத்தில் முன்பே கண்டிருக்கலாம் என்றார். நேற்றிலிருந்து நூலகத்தில் தேடுகிறேன். இதுவரை கண்ணில் படவில்லை. பட்டால் அந்த ஆளின் பெயரைப் போட்டுவிடுவோம். கணித ஆசிரியர்களுக்கான பத்திரிகைக்கு இரண்டு பக்கக் குறிப்பாக அனுப்பலாம் என்கிறார் கைடு.

இத்துடன் டைப் அடித்து வைத்திருக்கிறேன். குறியீடுகளைக் கையால் எழுதியிருக்கிறேன். மேலே உன் பெயர் மட்டும்தான். முழுக்க உன்னுடையது. நீ கையெழுத்துப் போட்டு நேராக அனுப்பிவிடு. என்னைக் கேட்க வேண்டாம்.

விடுப்பு போனதற்கு நான்தான் காரணம் என்று நினைக்கும்போதெல்லாம் சாப்பாடு இறங்கவில்லை. நீ இல்லை என்று சொல்வாய். சொல்லாதே.

கனகா


திண்டுக்கல்
17-3-1984

அன்புள்ள கனகா,

இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பாதி நீ, பாதி நான், மீதி அந்தத் "தெளிவு". சாப்பிடு.

நேற்று சின்னாளபட்டிக்குப் போயிருந்தேன். உன் கடிதத்தை வாசித்தேன். நீ ஒரு பக்கம்தான் எழுதியிருந்தாய். நான் மூன்று பக்கம் வாசித்தேன். ஐதராபாத்தில் வெயில் எப்படி, நீ எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், உன் செமினாரில் எத்தனை பேர் கை தட்டினார்கள் எல்லாம் அதில் வந்தது. உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "பேசிக்கிட்டீகளாக்கும்" என்றார்.

சிஸ்டர் அல்போன்சா கூப்பிட்டு அனுப்பினார். அடுத்த வருடமும் விண்ணப்பம் கொடுக்கச் சொன்னார். "கட்டுரை இல்லாமலா சிஸ்டர்?" என்றேன். "ஏன், ஒண்ணு தப்புன்னு நிரூபிச்சிருக்கீங்களே, அத எழுதுங்க" என்றார். அவர் படித்தது ஆங்கில இலக்கியம். ஆனாலும் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கிடைக்குமா என்று தெரியாது. கொடுக்கப் போகிறேன்.

இப்போது உன் இரண்டு பக்கத்துக்கு வருகிறேன். டைப் அடித்ததில் என் பெயர் மட்டும் இருக்கிறது. தனியாக நீ ஒரு காரியம் செய்து நான் டிசம்பர் முழுக்க உன்னைத் திட்டினேன். மறுபடியும் தனியாக ஒரு காரியம் செய்திருக்கிறாய். திருந்தவே மாட்டாயா? கரும்பலகைக்கு முன்னால் உன் கை நிற்காமல் போயிருந்தால் எனக்குக் கூட்டல்குறியும் இல்லை, ஒன்றும் இல்லை. என் பெயருக்குக் கீழே உன் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டேன். நம் தொழில் வழக்கப்படி அகரவரிசையில் எப்படியும் நான்தான் முதலில். அந்தப் பெருமை எனக்குப் போதும்.

இன்னொன்று. இரண்டாம் பக்கத்தில் ஆறாவது வரியில் "தெளிவு" என்று போட்டிருக்கிறாய். எனக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. உனக்கும் தெளிவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதை நீ அங்கேயும் நான் இங்கேயும் பார்த்தது போதாது. தபாலில் இனி நான் எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

மே மாதம் உனக்கு விடுமுறை. நேராகச் சின்னாளபட்டிக்குப் போய் அம்மாவோடு இரண்டு நாள் இரு. மூன்றாம் நாள் காலை இங்கே வந்துவிடு. மேஜையைக் காலி செய்து வைக்கிறேன். ரசம் சார்லஸ் வைப்பார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் நான்.

காகிதத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். பத்திரமாகக் கொண்டு வா. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீயும் போடாதே. இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, அந்த ஆறாவது வரியைச் சேர்ந்து படித்த பிறகு போடலாம்.

உன்
ஐரின்